கிளச் பிளேட்டும் ஒரு வரிக் கடதாசியும்

2024 ஜூலை 4ஆம் திகதி வியாழக்கிழமை, காலை ஆறரை மணியளவில் மண்முனைப் பாலத்து ஏற்றத்தில் எமது வான் நின்றுபோனது. எஞ்சின் நிற்கவில்லை. அது உறுமிக்கொண்டுதான் இருந்தது. அக்ஸிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடியதே தவிர, வண்டி முன்னால் நகரவில்லை. சணல் கயிறு எரிவதுபோல ஒரு வாடை உள்ளே வந்தது. பின்பக்கம் மூன்று றெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்ட இறாலும் நண்டும் இருந்தன. பக்கத்து இருக்கையில் மாமி.

"என்னகா, பெற்றோல் முடிஞ்சா?" என்றார்.

"இல்ல மாமி, பெற்றோல் இரிக்கு. வண்டிதான் போகுதில்ல."

பாலத்தில் வந்த இளைஞர்கள் நால்வர் இறங்கி வானைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். அவர்களில் ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கிளச் போயிற்று அக்கா" என்றார். கொஞ்சம் தள்ளி நின்ற பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே, "பொம்புள ஓடினா கிளச் நிக்குமா?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அந்த வார்த்தையைத்தான் அடுத்த ஆறு வாரமும் வெவ்வேறு வாய்களிலிருந்து நான் கேட்கவேண்டியிருந்தது.

எமது குழுவில் ஐந்து பெண்கள். படுவான்கரையில் வாவியோரம் அதிகாலையில் கரைக்கு வரும் மீனவர்களிடம் இறால், நண்டு, மீன் வாங்கி, மட்டக்களப்பு நகரிலுள்ள சில கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறோம். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை எங்கள் பக்கத்திலிருந்து அக்கரைக்குப் போவதென்றால் ஓடத்துக்குக் காத்து நிற்கவேண்டும். பாலம் வந்த பிறகு வழி திறந்தது. ஆனால் வாடகை ஓட்டோவுக்குக் கொடுத்தே இலாபம் கரைந்தது. அதனால்தான் சொந்தமாக ஒரு சின்ன வான் வாங்குவதென்று முடிவெடுத்தோம். ஐந்து பேரில் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

நாங்கள் வாங்கிய காலம் பழைய வாகனத்துக்கு நெருப்பு விலை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. பழசு என்று கழித்துவைத்தவைகூட கழுவிப் பூசி விற்பனைக்கு வந்தன. விற்பவரிடம் கேள்வி கேட்டால், "விருப்பமென்றால் எடுங்கோ, பின்னால ஆள் நிக்குது" என்ற பதில்தான் வரும்.

ஜூன் 10ஆம் திகதி, நகரத்தில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் 16 இலட்சம் ரூபாவுக்கு அந்த வானை வாங்கினோம். ஐந்து பேரின் சேமிப்பும், சங்கத்தில் எடுத்த கடனும் அதில் இருந்தன. மாமி தன் இரண்டு காப்புகளை அடகு வைத்தார். முதலாளி மரியாதையான மனிதர். பிளேன்ரீ தந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். எஞ்சின் புதிதுபோல மினுங்கியது. "எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் மூன்று மாதம் வொறன்டி தங்கச்சி, என்ன நடந்தாலும் என்னட்ட கொண்டு வாங்கோ" என்றார். ஒரு கடதாசியில் கையொப்பம் வாங்கினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசிக்கவில்லை. எஞ்சின் ஏன் அவ்வளவு மினுங்குகிறது என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டு தவறும் என்னுடையவை.

பாலத்தில் நின்ற அன்று ஐஸ் உருகி, இறாலில் பாதியை அரை விலைக்குக் கொடுத்தோம். வானைக் கட்டி இழுத்து ஆரையம்பதிப் பக்கத்திலுள்ள ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனோம். உடனே முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கிளச்சுக்கு வொறன்டி இல்ல தங்கச்சி. கடதாசியில தெளிவா இரிக்கு. அது தேயிற சாமான். பிறேக், ரயர், பற்றரி மாதிரி."

"வாங்கி 24 நாள்தானே அண்ணன்."

"24 நாள் போதும். கிளச்சில கால வச்சிக்கொண்டே ஓடினா ஒரு கிழமையிலயும் எரிக்கலாம். பொம்புளயள் கூட அப்படித்தான் ஓடுறது. நான் குறையாச் சொல்லல்ல."

அன்றிரவு கடதாசியை எடுத்து, குழுவிலுள்ள ஒரு தங்கையின் உயர்தரம் படிக்கும் மகளிடம் கொடுத்தேன். அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. பாவனையால் தேயும் கிளச், பிறேக், ரயர், பற்றரி ஆகியன அதில் அடங்கா. அதன் கீழே என் கையொப்பம். முதலாளி பொய் சொல்லவில்லை. "அப்ப முடிஞ்சுதுதானே" என்று மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் கராச்சில் கியர் பொக்ஸைக் கழற்றியபோதுதான் விடயம் வேறாகத் தெரிந்தது. மெக்கானிக் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சொல்லித் தந்ததை, வாகனம் ஓடும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால், எனக்கு விளங்கியபடி இங்கே தருகிறேன்.

எஞ்சின் சுழலும் வேகத்தைச் சில்லுகளுக்குக் கொடுப்பதற்கு நடுவில் இருப்பது கிளச். எஞ்சின் பக்கம் ஒரு கனமான இரும்புச் சக்கரம். அதனை ஃபிளைவீல் என்கிறார்கள். அதன்மேல் அமர்வது கிளச் பிளேட். இரண்டு பக்கமும் சொரசொரப்பான பூச்சு உள்ள வட்டத் தட்டு அது. அதனைப் பின்னாலிருந்து பிறஷர் பிளேட் அழுத்திப் பிடிக்கிறது. நாம் காலால் மிதிக்கும்போது அந்தப் பிடி விடுபடும். காலை எடுத்தால் மீண்டும் பிடிக்கும். பிடிப்பது முழுக்க அந்தச் சொரசொரப்பால்தான். அம்மியில் எண்ணெய் ஊற்றிவிட்டு மிளகாய் அரைத்தால் வழுக்குவதுபோல, அந்தத் தட்டில் ஒயில் பட்டால் பிடிக்காது, வழுக்கும். எஞ்சின் சுழலும், சில்லு சுழலாது.

ஓட்டுபவர் காலை மிதிப்பில் வைத்தபடியே ஓடினால் தட்டு உரசி உரசித் தேயும். பூச்சு மெலிந்து, உள்ளே இருக்கும் ஆணிகள் தெரியத் தொடங்கும். சூட்டினால் இரும்பில் நீல நிறத் திட்டுகள் விழும். எமது வானின் தட்டில் பூச்சு நல்ல தடிப்பாகவே இருந்தது. ஆணிகள் ஆழத்தில் கிடந்தன. ஆனால் தட்டு முழுவதும் கறுத்து, ஒயிலில் ஊறி, கண்ணாடிபோல வழவழத்திருந்தது. எஞ்சினின் பின்புறத்தில் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் றப்பர் வளையம் ஒன்று உண்டு. பின் ஒயில் சீல் என்பார்கள். அது காய்ந்து வெடித்திருந்தது. அந்த வழியாக ஒயில் கசிந்து கசிந்து கிளச் இருக்கும் கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கூட்டின் அடியில் பழைய ஒயிலும் தூசியும் சேர்ந்து தார்போல விரல் தடிப்பில் படிந்திருந்தது.

"இது 24 நாளில சேர்ந்த அழுக்கில்ல அக்கா" என்றார் தம்பி. "வெளியால கழுவித் துடைச்சிரிக்காங்க. உள்ளுக்குக் கழுவ ஏலாதுதானே."

எனக்குச் சந்தோசம் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். "ஆனா ஒண்டு அக்கா, நீங்களும் ஏத்தத்தில பிறேக் பிடிக்காம அரைக் கிளச்சிலதான் வண்டிய நிப்பாட்டி வைக்கிறீங்க. இங்க வரக்குள்ளயும் பார்த்தன். அது நல்ல பழக்கமில்ல." உண்மைதான். பாலத்து ஏற்றத்தில் முன்னால் வாகனம் நின்றால் நான் அப்படித்தான் செய்வேன். அந்தப் பழக்கத்தை அன்றோடு விட்டேன். ஆனால் தட்டை ஒயிலில் ஊறவைத்தது என் கால் அல்ல.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடதாசியின்படி கிளச்சுக்கு உத்தரவாதம் இல்லை. சரி. ஆனால் பழுதானது முதலில் கிளச் இல்லையே. வெடித்தது ஒயில் சீல். அது எஞ்சினின் பாகம். எஞ்சினுக்கு உத்தரவாதம் உண்டு. கிளச் தேய்ந்து போகவில்லை, எஞ்சினின் குறையால் கெடுக்கப்பட்டது. அதே கடதாசி எனக்காகவும் பேசக்கூடும் என்று அப்போதுதான் விளங்கியது.

மெக்கானிக் தம்பியிடம் மூன்று விடயம் கேட்டேன். பழைய தட்டையும் சீலையும் எறிய வேண்டாம். கழற்றிய நிலையில் படம் எடுத்துத் தரவேண்டும். கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். அவர் எழுதித் தந்த துண்டில் திகதி, வாகன இலக்கம், மீற்றரில் இருந்த கிலோமீற்றர், சீலின் நிலை, தட்டின் நிலை என்பன இருந்தன. வாங்கும்போது கடதாசியில் குறித்திருந்த அளவு 96,412. கராச்சில் இருந்த அளவு 97,560. நாங்கள் ஓடியது 1,148 கிலோமீற்றர் மட்டுமே. ஒரு நல்ல கிளச் பல்லாயிரம் கிலோமீற்றர் உழைக்கும். தட்டை ஒரு சொப்பின் பையில் சுற்றி, அதனை உரப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமிக்கு அந்த மணம் பிடிக்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

திருத்தம் செய்யாமல் காத்திருக்க முடியாது. கிளச் பிளேட், பிறஷர் பிளேட், பேறிங் ஆகியவற்றுக்கு 38,000 ரூபா. ஒயில் சீல் 2,500. ஒயிலுக்கும் சில்லறைக்கும் 4,000. கூலி 15,000. மொத்தம் 59,500 ரூபா. சங்கத்தில் மீண்டும் கைமாற்று வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எடுத்தேன். வான் கிடந்த ஒன்பது நாளும் ஓட்டோ பிடித்தோம்.

இதற்கிடையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டேன். அந்தச் சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குவது. அரிசி விலை, காலாவதியான பால்மா போன்றவற்றுக்குத்தான் அது என்று நான் நினைத்திருந்தேன். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாக இல்லையென்றால் முறையிட இடம் தருகிறது. உத்தரவாதம் வெளிப்படையாகச் சொன்னதாக இருக்கலாம், அல்லது உள்ளார்ந்து கொள்ளப்படுவதாகவும் இருக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். சபை விற்பனையாளரையும் அழைத்து விசாரிக்கும். முறைப்பாடு சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். எங்களுக்கான கடைசி நாள் செப்டெம்பர் 10. எத்தனை பெண்கள் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம், அவர் நல்ல மனிசன்" என்று காத்திருந்து இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்திலும் ஆலோசனை கேட்டேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த நிறுவனம் வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. அங்கிருந்த சட்டத்தரணி பெண்மணி, 1896ஆம் ஆண்டிலேயே வந்த பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைப்பற்றிச் சொன்னார். பொதுவாக வாங்குபவர்தான் பார்த்து வாங்கவேண்டும் என்பது சட்டத்தின் நிலை. எனினும் அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது, அது விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலே உண்டு. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. "கியர் பொக்ஸைக் கழற்றாமல் அந்த ஒயிலை உங்களால் பார்த்திருக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அதைத்தான் எழுதுங்கள்" என்றார்.

இலண்டனிலுள்ள மச்சாளுக்கு இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்பட்டாள். அங்கே 2015இல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்து அதனைத் திருத்தித் தரும்படி கேட்டால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்வார்களாம். இல்லையென்று காட்டவேண்டியது விற்றவரின் பொறுப்பு. பழைய வாகனத்துக்கும் அது பொருந்தும். அமெரிக்காவில் 1985 முதல் பழைய வாகன வியாபாரிகள் ஒவ்வொரு வாகனத்தின் கண்ணாடியிலும், உத்தரவாதம் உண்டா, அல்லது இருக்கிறபடியே விற்கப்படுகிறதா என்று அறிவித்தல் ஒட்டவேண்டும். இங்கே குறை முன்பே இருந்தது என்று காட்டும் பாரம் எம்மீதுதான் விழுகிறது. எமக்கு அதனைச் சுமந்தது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த அந்தத் தட்டு.

ஜூலை 22ஆம் திகதி முதலாளிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். தமிழில், ஒன்றரைப் பக்கம். வாங்கிய திகதி, நின்ற திகதி, ஓடிய தூரம், சீல் எஞ்சினின் பாகம் என்பது, செலவு, பற்றுச்சீட்டுகளின் பிரதி. பதினான்கு நாளில் பதில் தராவிட்டால் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வேன் என்று முடித்தேன். ஏச்சு ஒன்றும் எழுதவில்லை. முதல் எழுதியதில் நிறைய இருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன்.

பதினோராம் நாள் அழைப்பு வந்தது. "என்னத்துக்குத் தங்கச்சி கடிதமெல்லாம்? நேரில வந்து கதைச்சா முடிஞ்சுதுதானே."

மாமியும் நானும் போனோம். உரப் பையும் வந்தது. முதலாளி முன்போலவே பிளேன்ரீ தந்தார். முன்போலவே, ஓட்டம் பழகாதவர்கள் கிளச்சை எரிப்பதுபற்றிச் சொன்னார். கடையில் இன்னும் இரண்டு பேர் வாகனம் பார்க்க வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. மேசையில் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, தட்டை எடுத்து அதன்மேல் வைத்தேன். ஒரு மாதம் ஆகியும் பத்திரிகையில் ஒயில் வட்டமாக ஊறியது.

"அண்ணன், எரிஞ்ச தட்டில ஆணி தெரியும் என்டு சொல்லுறாங்க. இதில ஆணியைக் காட்டுங்கோ."

அவர் பதில் சொல்லாமல், பின்பக்கம் வேலை செய்துகொண்டிருந்த வயதான பாஸ் ஒருவரைக் கூப்பிட்டார். தனக்குச் சாதகமாகச் சொல்வார் என்று நினைத்திருக்கவேண்டும். பாஸ் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவி, மணந்து பார்த்தார். "இது எரிஞ்ச பிளேட் இல்ல முதலாளி, ஒயில் குடிச்ச பிளேட்" என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார். தன் சம்பளத்தைக் கொடுப்பவரின் முன்னால் அதைச் சொன்ன அந்த மனிதரின் நேர்மையை நான் மறக்கமாட்டேன்.

அதன்பிறகு பேச்சு பணத்துக்கு வந்தது. பாகங்களுக்கும் சீலுக்குமான 40,500 ரூபாவும், கூலியில் பாதியான 7,500 ரூபாவும், மொத்தம் 48,000 தருவதாகச் சொன்னார். ஒரு கடதாசி எழுதினார். உத்தரவாதத்தின்கீழ் பொறுப்பு எதுவும் இல்லாதபோதும், வாடிக்கையாளருக்கு நல்லெண்ண அடிப்படையில் இந்த உதவி வழங்கப்படுகிறது என்று அதில் இருந்தது. இம்முறை தமிழில் எழுதச் சொல்லியிருந்தேன். வாசித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன்.

"இதில கையெழுத்து வைக்க மாட்டன் அண்ணன். விற்க முந்தியே இருந்த ஒயில் கசிவால கிளச் பழுதானது என்டு எழுதுங்கோ."

"அப்படி எழுதினா நான் பிழை செஞ்சமாதிரி ஆகும்."

"இப்படி எழுதினா நான் பிழை செஞ்சமாதிரி இரிக்கு."

மாமி என் முழங்கையைக் கிள்ளினார். "காச வாங்கு புள்ள, வரியென்ன வரி" என்று காதுக்குள் சொன்னார். மாமி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடகில் கிடந்தது அவரின் காப்பு. பணம் என்னுடையது மட்டுமல்ல, ஐந்து பேருடையது. நான் வெளியே வந்து மற்ற மூவருக்கும் தொலைபேசியில் கேட்டேன். ஒருத்தி மாமியின் பக்கம். மற்ற இருவரும், "அக்கா, நாளைக்கு நாங்களும் லைசன் எடுத்து ஓடத்தானே போறம், அந்தக் கதை எங்களுக்கும் ஒட்டும்" என்றார்கள்.

கடைசியில் ஒரு மணித்தியாலப் பேச்சின் பின் முடிவானது இது. முதலாளி 40,500 ரூபா தருவார். கூலியில் பங்கு இல்லை. கடதாசியில், விற்பனைக்கு முன்பிருந்த எஞ்சின் ஒயில் கசிவே கிளச் பழுதுக்குக் காரணம் என்ற வரி இருக்கும். ஐஸும் இறாலும் ஓட்டோ வாடகையும் எம்முடைய நட்டம். பணத்தை எண்ணி வாங்கி, கடதாசியில் இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்தோம். செப்டெம்பர் 10 வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதிகார சபைக்குப் போயிருந்தால் முழுவதும் கிடைத்திருக்குமா என்று இன்றும் சிலவேளை யோசிப்பதுண்டு. அன்று எங்களுக்கு விசாரணைக்கு அலைய நாளும் இல்லை, கடனைத் தள்ளிப்போட வழியும் இல்லை.

சகோதரிகளே, 7,500 ரூபாவை ஒரு வரிக்காக விட்டது புத்தியா என்று நீங்கள் கேட்கலாம். மாமி இன்றைக்கும் கேட்கிறார். யாராவது வந்தால், "இவள் வாங்கின வரி தெரியுமா, 7,500 ரூபா" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கடதாசியைக் கண்ணாடித் தாளில் போட்டு, தன் பெட்டியில் காப்பு வைக்கும் இடத்தில் வைத்திருப்பவரும் அவர்தான். காப்பு 2025 தைப்பொங்கலுக்கு முன்பே மீண்டு வந்துவிட்டது.

வாகனம் வாங்க நினைக்கும் பெண்களுக்கு நான் அனுபவத்தால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வாயால் சொன்ன வாக்கை எழுத்தில் கேளுங்கள், எமக்கு விளங்கும் மொழியில் கேளுங்கள். எது அடங்கும் என்பதைவிட எது அடங்காது என்பதை முதலில் வாசியுங்கள். கிலோமீற்றர் அளவைத் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கழுவி மினுக்கிய எஞ்சினைக் கண்டு மயங்காமல், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் வண்டியின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு இரவு கடதாசி விரித்து அதன்மேல் நிறுத்தினாலே ஒயில் சொட்டுவது தெரியவரும். பழுதானால் பழைய பாகத்தை எறியாதீர்கள். மூன்று மாதக் கணக்கை வாங்கிய அன்றே கலண்டரில் குறியுங்கள்.

எமது குழுவில் இப்போது சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் மூவர். காலையில் பாலம் ஏறும்போது ஏற்றத்தில் நிற்கவேண்டி வந்தால், கைப்பிறேக்கைப் பிடித்து, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டு நில்லுங்கள் என்று மற்ற இருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தட்டு இன்னும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் கேட்கிறார். மாமி கொடுப்பதில்லை.